முன்கம்பியில் ஒரு குட்டி சீட்டு

இரவு ஷிப்ட்டுக்கு மாறிய பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். நாலு வயது மகள் என்னைக் கண்டாலே அப்பாருக்கு (தாத்தாவுக்கு)ப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அதுதான் சுருக்கென்றது.

சாளையில் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து, அவளைக் கேரியரில் உட்காரவைத்துக் கிளம்பினேன். முதல் நாளே தப்பு. கால் ஆரக்கம்பி பக்கம் போய்ச் செருப்பு கிழிந்தது; நல்லவேளை, கால் தப்பியது. மறுநாள் முன்கம்பியில் கால்மிதியோடு குழந்தை சீட்டு மாட்டினேன். தலைக்கு ஒரு சின்ன ஹெல்மெட்.

ஈரோட்டில் எங்களுக்கு வாய்த்தது காலிங்கராயன் வாய்க்கால் கரை. 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, சுமார் 90 கிலோமீட்டர். நாங்கள் போவதென்னவோ மூன்றுதான்! மஞ்சள் காடு, வாழை, கொக்கு. கொக்கை எண்ணுவது அவள் வேலை. பதினொன்றுக்கு அப்புறம் இருபது என்பாள். மேடு வந்தால் "அழுத்துங்கப்பா" என்று கத்துவாள். மூச்சு வாங்க மிதிக்கும்போது எரிச்சலுக்கு இடம் ஏது?

இரண்டு வாரத்தில் பகல் தூக்கமும் சரியாக வந்தது. இப்போது நாலரை மணிக்கெல்லாம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து என்னை எழுப்புகிறாள்.