விசாரணைக்குக் கூட்டிப்போனவர் திரும்பவில்லையா? ஆட்கொணர்வு மனு போடும் வழி

"விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முதலியார்பேட்டையிலோ ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போகிறது, விடிந்தும் ஆள் வரவில்லை, ஸ்டேஷனில் கேட்டால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்கிறார்கள். பதறாமல் முதலில் நேரத்தை எழுதி வையுங்கள். எத்தனை மணி, எந்த இடம், வண்டி எண், வந்தவர்கள் சீருடையிலா மஃப்டியிலா, பார்த்தவர் யார். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. வழக்கே அந்த மணிக்கணக்கில்தான் நிற்கும்.

அடுத்து எழுத்தில் புகார். கடலூர் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு, புதுச்சேரி போலீஸ் தனி, அங்குள்ள உயரதிகாரிக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல், பதிவுத் தபால் இரண்டிலும். முன்பு இதற்குத் தந்தி அடிப்பார்கள், 2013-ல் அது நின்றுபோனதால் இப்போது மின்னஞ்சலில் பதியும் நேரம்தான் சாட்சி. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க 2020-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்பதைவிட இந்த ஒரு பக்கக் காகிதம் எவ்வளவோ மேல்.

சரி, மனு. பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. இரண்டு ஊருக்குமே சென்னை உயர் நீதிமன்றம்தான், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவில். மனைவி, அம்மா, நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். பிரமாணப் பத்திரத்தில் நடந்ததை நேரவாரியாகச் சொல்லி, புகார் நகலையும் தபால் ரசீதையும் இணைத்து, ஆளை ஆஜர்படுத்தி விடுவிக்கக் கேளுங்கள். அவசரம் என்று சொல்லி உடனே விசாரிக்கும்படி வக்கீல் இரு நீதிபதிகள் அமர்வில் முறையிடுவார். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவிக்கு 15100.

மனு போட்டதும் அவசரமாக ரிமாண்ட் செய்துவிடுவதும் (மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிக் காவலில் வைப்பதும்) உண்டு. அதன்பின் பொதுவாக ஜாமீன்தான் வழி; ரிமாண்ட் உத்தரவே அதிகாரமில்லாமலோ கண்ணை மூடிக்கொண்டோ போடப்பட்டிருந்தால் மட்டும் ஆட்கொணர்வு மனு நிற்கும். கைதான நேரத்தையும் அடி விழுந்திருந்தால் அதையும் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில் குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம் என்றால் கதை வேறு. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இனிக் குற்றம் செய்யாமல் தடுக்க என்று சொல்லி முன்கூட்டியே அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் என்பதால் 24 மணி நேரக் கணக்கு அங்கே செல்லாது, காவல் உத்தரவையே எதிர்த்துத்தான் மனு போட வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கொடுத்த ஆவணக் கட்டைப் பக்கம் பக்கமாக வக்கீலிடம் காட்டுங்கள்: படிக்க முடியாத நகல், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத காகிதம் போன்ற குறைகளுக்காகவே பல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.