சேஃப்டி அலாரம் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '140 டெசிபல்' என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் சேஃப்டி அலாரம் வாங்குகிறார்கள். பின்னை உருவினால் சைரன் அடிக்கும் சின்னக் கருவி. சத்தம் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வேலைக்குப் போகும் பெண்களின் ஹேண்ட்பேக்கைத் திறந்து பாருங்கள். அலாரம் அடியில் கிடக்கும். மேலே டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை, சார்ஜர் ஒயர். வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் ராத்திரி படியிறங்கும்போது பின்னால் யாரோ தொடர்வதாகத் தோன்றினால், இத்தனையையும் விலக்கி அதை எப்போது எடுப்பது? கை எட்டாத அலாரம் எத்தனை டெசிபல் கத்தினால்தான் என்ன?

அந்த எண்ணை முதலில் பார்த்துவிடலாம். எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள் என்று சொல்லாத டெசிபல் கணக்குக்கு அர்த்தமே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். 130 என்று எழுதியிருப்பது 10 சென்டிமீட்டர் தூரத்தில் அளந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டரில் அது 110, 10 மீட்டரில் 90. 40 மீட்டர் தள்ளித் தெருமுனை டீக்கடையில் நிற்பவர் காதுக்கு 78 அளவில்தான் போய்ச் சேரும். அண்ணா சாலையில் மாலை நேரத்து வண்டி இரைச்சலே 70-ஐத் தாண்டிவிடும் என்பதால் அங்கே அந்த 78 பத்தோடு பதினொன்றாகக் கரைந்துவிடும். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் ராத்திரி பதினோரு மணிக்கு அதே 78 தெருவையே எழுப்பும். அதனால் 120-ஆ 130-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அளந்த தூரத்தைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் பெட்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள், அது போதும்.

அளவைவிட ஒலியின் தன்மை முக்கியம் என்பேன். 'பீப் பீப்' என்று ஒரே சீராக அடிக்கும் அலாரத்தைச் சென்னைவாசி திரும்பியே பார்க்க மாட்டார். கார் ரிவர்ஸ் எடுக்கும் சத்தமும், நிறுத்தி வைத்த பைக் காரணமில்லாமல் அலறுவதும் நமக்குத் தினசரிப் பழக்கம். மேலும் கீழுமாக ஏறி இறங்கும் சைரன் ஒலிதான் காதைத் திருப்பும். இன்னொரு விஷயம், இவற்றின் ஒலி பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் எல்லை அதுதான், ஆனால் வயதாக ஆக முதலில் மங்குவதும் கீச்சென்ற அந்த உயர்ந்த சுருதிகள்தான். நம் அடுக்குமாடிகளின் இரவு வாட்ச்மேன்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள், அதிலும் கண்ணயர்ந்திருப்பார்கள். அவர்களை நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் கொஞ்சம் கனமான குரலில் அடிக்கும் அலாரமாகத் தேடுங்கள்.

சரி, கைக்கு வருவோம். எதை வாங்குவது என்று முடிவு செய்யும் முன் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் பாதி அலாரங்கள் வீணாகின்றன. பேருந்தில் நிற்கும்போது ஒரு கை மேல் கம்பியைப் பிடித்திருக்கும், பை தோளிலிருந்து முன்பக்கம் வந்திருக்கும். அப்போது சும்மா இருக்கும் கைக்கு, குனிந்து பார்க்காமலே எட்ட வேண்டும். ஹேண்ட்பேக் என்றால் வார் பையோடு சேரும் வளையத்தில் வெளிப்பக்கமாக மாட்டலாம். முதுகுப் பை என்றால் நெஞ்சருகே வரும் வாரில் மாட்டலாம். பையின் ஜிப்பில் மாட்டினால், முதுகில் இருக்கும்போது அது உங்களைவிடப் பின்னால் வருகிறவருக்குத்தான் வசதியாக இருக்கும்.

ஸ்கூட்டர் சாவியோடு கோப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கீசெயின் போலவே செய்து விற்கிறார்கள், ஆகவே சாவியில் மாட்டத் தோன்றுகிறது. வண்டி ஓட்டும்போது சாவி வண்டியில் இருக்கிறது. சிக்னலில் ஒருவன் பக்கத்தில் வந்து வம்பு செய்தால் இஞ்சினை அணைத்துச் சாவியை உருவினால்தான் அலாரம் கைக்கு வரும். தப்பித்துப் போக வேண்டிய வண்டியை நிறுத்திவிட்டு அலாரம் எடுப்பது என்ன கணக்கு?

பின்னா, பொத்தானா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பதற்றத்தில் விரல் நுனிகள் சொன்னபடி கேட்காது, கையை இழுக்கும் வேலையை மட்டும் உடம்பு சரியாகச் செய்யும். அதனால் பொதுவாகப் பின்னுக்கே என் ஓட்டு. பொத்தான் வகையில் சிலவற்றை இரண்டு முறை அழுத்த வேண்டும், சிலவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். எது என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஆனால் காலையில் 29சி பேருந்தில் நெரிசலில் ஏறுகிறவருக்குப் பின்னும் ஒரு தலைவலிதான். பின்னோடு இருக்கும் வளையம் பக்கத்தில் நிற்பவரின் லஞ்ச் பையிலோ துப்பட்டாவிலோ சிக்கிக்கொள்ளும். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போது பின் அவரோடு போய்விடும், சைரன் உங்களிடம் அடித்துக்கொண்டிருக்கும். பின்னைத் திரும்பச் செருகினால்தான் நிற்கும் என்பதால், கண்டக்டர் உட்பட மொத்தப் பேருந்தும் உங்களை முறைக்கும். இதற்குப் பயந்து பலர் மறுநாளே அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். வாங்கும்போதே பின்னை விரலால் தட்டிப் பாருங்கள். லேசாகத் தட்டினாலே கழன்றால் வேண்டாம். வளையத்துக்குப் பதில் குட்டையான கயிறு இருப்பது நெரிசலுக்கு நல்லது.

வயதான அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்கினால் அவர்களையே உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக் கைக்குச் சில பின்கள் அசையாது. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் செயின் பறிப்புக்குப் பயந்து வாங்குவதும் உண்டு. உண்மையைச் சொன்னால், பைக்கில் வந்து இழுத்துக்கொண்டு போகிறவனிடம் அலாரம் உதவாது. நீங்கள் உருவுவதற்குள் அவன் தெருவைத் தாண்டியிருப்பான். அதற்குச் செயினை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் வழி. கைப்பையைப் பறிப்பவன் விஷயத்தில் மட்டும் ஒரு தந்திரம் உண்டு: அலாரத்தைப் பையிலும், பின்னின் கயிற்றை மணிக்கட்டிலும் மாட்டிக்கொண்டால், பையை இழுத்த மறுகணம் பின் உங்கள் கையோடு நின்றுவிடும். அலறும் பையோடு அவன் ஓட வேண்டியிருக்கும். கயிறு சுலபமாகக் கழல வேண்டும், இல்லாவிட்டால் பையோடு உங்களையும் இழுத்துவிடுவான்.

அப்புறம் பேட்டரி. இதில்தான் சத்தமில்லாமல் ஏமாறுகிறோம். மலிவான வகைகளில் பெரும்பாலும் எல்ஆர்44 எனும் பட்டன் செல்கள் இருக்கும். கிடங்கில் எத்தனை மாதம் கிடந்ததோ, சில வரும்போதே பாதி உயிரோடுதான் வருகின்றன. செல்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று செருகியிருப்பார்கள். அதை இழுத்துப் போடாமலே மாதக்கணக்கில் பையில் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம் என்பதால், வியர்வை படும் வாரில் தொங்கும் கருவியின் தகடு பச்சை பூத்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நொடி அடிக்கவிட்டுப் பாருங்கள். குரல் இழுத்தால் செல்லை மாற்றுங்கள். அதே அளவில் கிடைக்கும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் விலை கூடுதல், ஆனால் தீரும் வரை மின்னழுத்தம் சீராக இருக்கும்.

சார்ஜ் செய்யும் வகை நவீனமாகத் தோன்றும். தினமும் தொடாத ஒரு பொருளைச் சார்ஜில் போட யாருக்கு நினைவிருக்கும்? மறக்காதவராக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வீட்டில் குழந்தை இருந்தால் பட்டன் செல் மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். விழுங்கிய செல் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மழைக்கு ஐபிஎக்ஸ்4 என்ற குறியீடு இருந்தால் தூறலையும் தெறிப்பையும் தாங்கும். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் விழுந்தால் தாங்காது.

அலாரம் போலீசைக் கூப்பிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரண அலாரம் யாரையும் கூப்பிடாது, அது அருகில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ப்ளூடூத் வகைகள் செயலி மூலம் வீட்டுக்கு இருப்பிடத்தை அனுப்பும், அதற்கு போனும் நெட்டும் வேலை செய்ய வேண்டும். எதை வாங்கினாலும் 112 என்ற அவசர உதவி எண் தனியாக வேண்டும். 2022-இல் தமிழ்நாடு காவல்துறை கொண்டுவந்த 'காவல் உதவி' செயலியைப் போனில் போட்டு வைத்துக்கொள்ளலாம். ரயிலில் என்றால் 139. பெண்களுக்கு 181. போனின் பவர் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி உங்கள் போனில் எத்தனை அழுத்தலுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று இப்போதே செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள்.

உருவிய பிறகு என்ன செய்வது என்று யோசிக்காமல் வாங்குவதும் தவறுதான். ஆள் பிடித்துக்கொண்டிருந்தால் அலாரத்தை நாலடி தள்ளி, நிறுத்தி வைத்த காருக்கு அடியில் எறியுங்கள். பின் உங்களிடம் இருக்கட்டும். கையிலேயே வைத்திருந்தால் பிடுங்கி, பின்னைச் செருகி அணைத்துவிடுவான். பிடிக்கவில்லை, தொடர்கிறான் என்றால் கையை நீட்டிக் காதுக்குத் தள்ளிப் பிடித்தபடி ஆள் நடமாட்டமுள்ள பக்கம் நடங்கள். தினமும் போகும் வழியில் ராத்திரியில் எந்த மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும், ஆட்டோ ஸ்டாண்ட் எங்கே என்று தெரிந்திருப்பது இதில் பாதி வேலை. தெரு நாய்கள் ஒன்றுகூடிக் குரைக்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பல தெருக்களில் ஜன்னல்கள் அதற்குத்தான் திறக்கும்.

ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) ஓடிக்கொண்டிருக்கும் கேபுக்குள் நிலைமை வேறு. மூடிய காருக்குள் அடிக்கும் சைரன் உங்கள் காதையும் பதம் பார்க்கும். வேகத்தில் டிரைவர் திடுக்கிட்டால் விபத்தில் முடியலாம். அங்கே முதலில் 112, வீட்டுக்கு இருப்பிடம், பிறகு வண்டி சிக்னலிலோ நெரிசலிலோ மெதுவாகும்போது ஜன்னலை இறக்கி அலாரம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் கடையிலேயே உருவிக் காட்டச் சொல்லுங்கள், அந்த இரைச்சலிலும் பக்கத்துக் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஆன்லைனில் வந்தால் திருப்பி அனுப்பும் நாள் முடியும் முன் சோதித்துவிடுங்கள். பிளாட்டில் என்றால் தலையணைக்கு அடியில் வைத்து, எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.