நீர்நாயைப் பார்க்கவும் படமெடுக்கவும்: மட்டக்களப்பு, அம்பாறை ஆறுகளுக்கான வழிகாட்டி

இலங்கையில் வாழும் நீர்நாய் ஒரே இனம்தான்: யூரேசிய நீர்நாய். 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக அது இடம்பெற்றது. பெரும்பாலும் இரவில் நடமாடும், தனியாகத் திரியும், மோப்பம் மிகக் கூர்மை. அதனால் கெமராவைத் தூக்கிக்கொண்டு கரை நெடுக நடந்து தேடுவது பயன் தராது. முதலில் அது வந்துபோகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அங்கே அசையாமல் காத்திருங்கள்.

தடம் தேட வைகாசி முதல் புரட்டாதி வரை நல்ல காலம். பட்டிப்பளை ஆறும் முந்தனையாறும் வற்றி மடுக்களாகச் சுருங்கும்போது மீன்கள் அங்கே ஒதுங்கும்; ஈரச் சேற்றில் தடமும் தெளிவாகப் பதியும். மார்கழி வெள்ளத்தில் இரண்டும் இல்லை.

பார்க்க வேண்டியது எச்சம். நீர்நாய் எல்லையைக் குறிக்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும்: நீருக்குள் துருத்தி நிற்கும் பாறை, சாய்ந்த மருத மரத்தின் வேர், குளத்துத் துருசின் (மதகின்) சீமெந்துக் கட்டு, இரண்டு வாய்க்கால் சேரும் முனை. புதியது கருமையாக, பிசுபிசுப்பாக இருக்கும்; காய்ந்தால் சாம்பல் நிறத்தில் உதிரும். குச்சியால் கிளறினால் மீன் செதில், முள், நண்டு ஓட்டுத் துண்டுகள் தெரியும். கையால் தொடாதீர்கள். கொடுப்புலியும் (மீன் பிடிக்கும் காட்டுப்பூனை) மீன் தின்னும் என்பதால் எச்சத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் தடத்தையும் பாருங்கள். நீர்நாய்க்கு ஐந்து விரல், அகலம் சுமார் 5 முதல் 7 சென்ரிமீற்றர். கொடுப்புலியின் தடத்தில் நான்கே விரல். கடினமான மண்ணில் நீர்நாயின் ஐந்தாவது விரலும் விரலிடைச் சவ்வும் பதியாமல் போகும். அதனால் ஒரு தடத்தோடு நிற்காமல் தொடர்ச்சியாக நாலைந்து தடங்களைப் பாருங்கள்.

புதிய எச்சம் கண்ட இடத்திலிருந்து 30 மீற்றருக்குக் குறையாமல் தள்ளி, முடிந்தால் எதிர்க்கரையில் உட்காருங்கள். காற்று அங்கிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்த மாதங்களில் கிழக்குக் கரையே பொருத்தம். காலை வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும். வெள்ளாப்புக்கு முன்னரே, ஐந்தரைக்குள் அமர்ந்துவிடுங்கள். ஏழரைக்குப் பிறகு வாய்ப்புக் குறைவு. ஆனால் இருட்டில் போகும் பாதை யானைப் பாதையாக இருக்கக் கூடாது. முதல் நாள் பகலில் அந்த ஊர் விவசாயிகளிடமோ மீனவர்களிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதலை உள்ள நீரில் விளிம்பிலிருந்து நன்றாகப் பின்னுக்கு, மேட்டில் இருங்கள். தாழ்ந்த கோணத்துக்காக நீரோரம் படுப்பது இங்கே உயிரோடு விளையாடுவது.

நீரில் தலை ஒன்று நகர்ந்தால் கபரக்கொய்யாவா (நீரில் நீந்தும் பெரிய உடும்பு வகை) என்று முதலில் பாருங்கள். அதன் வால் பக்கவாட்டில் நெளியும், நாக்கு வெளியே வந்துபோகும். நீர்நாயின் தலை தட்டையாக இருக்கும். முதுகை வளைத்து மூழ்கும், மேலே குமிழிகள் வரிசையாக எழும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். குமிழி வரிசை போகும் திசைக்குச் சற்று முன்னால் லென்ஸைத் திருப்பி வையுங்கள்.

400 மில்லிமீற்றர் லென்ஸ் வேண்டும். ஷட்டர் 1/800 அல்லது அதற்கு மேல், துளை எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டரைக் குறைக்காமல் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். அதனால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தைத் திருத்த முடியாது. தொடர் குவியத்தில் (நகரும் விலங்கைப் பின்தொடரும் முறை) ஒற்றைக் குவியப் புள்ளியைத் தலைமேல் வையுங்கள். பரந்த புள்ளிகளை விட்டால் கெமரா நீரலையைப் பிடித்துக்கொள்ளும். வெளிறிய நீரில் கருத்த உருவம் மேலும் கருத்துவிடும், ஆகவே வெளிச்சத்தை மூன்றில் இரண்டு படி கூட்டுங்கள். மர நிழலில் கருநீரே சட்டத்தை நிரப்பினால் அதே அளவு குறையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், மீனை எறிந்து வரவழைப்பதும் வேண்டாம்.

தானியங்கிக் கெமரா வைப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவது நீர்விளிம்பில் வைப்பதால். அதன் உணரி வெப்ப வேறுபாட்டைக் கொண்டே விழிக்கிறது. நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய விலங்கின் நனைந்த மயிர் சுற்றுப்புற வெப்பத்தை ஒத்திருப்பதால் உணரி தூங்கிவிடும். எச்சமிடும் இடத்திலிருந்து 2, 3 மீற்றர் தள்ளி, முழங்கால் உயரத்தில், அது நின்று மணக்கும் புள்ளியை நோக்கி வையுங்கள். லென்ஸ் வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். 20 வினாடிக் காணொளி போதும். முன்னால் ஆடும் புல்லை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் நினைவக அட்டை நிரம்பிவிடும். கல்லோயா தேசிய பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதையும் பொருத்தாதீர்கள்.

நீர்நாய் தலையை உயர்த்தி மூக்கால் சீறினால் உங்களைக் கண்டுவிட்டது என்று பொருள். அசையாமல் இருங்கள், அது போன பிறகு எழுந்து போங்கள். குட்டிகளின் கீச்சொலி கேட்டால் அன்றே இடத்தைக் கைவிடுங்கள். தாய் கலங்கினால் வளையை மாற்றும், அந்த நேரத்தில் குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். கைவிடப்பட்ட தங்கூசி (நைலோன் இழை) வலை கரையில் கிடந்தால் எடுத்து வந்துவிடுங்கள். அதில் சிக்கும் நீர்நாய் மூச்சு முட்டிச் சாகும்.

படத்தைப் பகிருமுன் இடக் குறியீட்டை நீக்குங்கள். மாவட்டத்தின் பெயர் போதும். குளத்தின் பெயரோ துருசின் பெயரோ வேண்டாம்.