குட் மார்னிங் படங்களுக்கு நடுவே ரிப்போர்ட்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கவனிக்கிறேன். நேற்று தாம்பரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, டாக்டர் முன்னால் உட்கார்ந்து குட் மார்னிங் படங்களைத் தள்ளித் தள்ளி ரிப்போர்ட்டைத் தேடினார். கிடைத்தது மங்கலான போட்டோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.1-ஆ 1.7-ஆ, தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தெளிவு குறையும். லேப் தரும் பிடிஎஃப்பையே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் போனில் சேமித்து, '2025-03-14 அம்மா ரத்தம்' என்று பெயர் மாற்றிவிடுங்கள். தேதி முன்னால் இருந்தால் வரிசை தானாக அமையும். மத்திய அரசின் சுகாதாரக் கணக்கான 14 இலக்க ஆபா (ABHA) எண்ணிலும் ரிப்போர்ட்டுகளை இணைக்கலாம், ஆனால் எல்லா லேபும் அதில் சேர்ந்துவிடவில்லை. அப்புறம், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். நாங்கள் எத்தனை சாஃப்ட்வேர் போட்டாலும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.