முதல் சிங்கிள் (தனிப்பாட்டு) விடும் வடசென்னை பேண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர் பக்கம் பேஸ் கிதார் வாசிக்கிறேன், ரெக்கார்டிங்கும் பார்த்துக்கொள்கிறேன். புதுசாக வரும் ராக் பேண்டுகள், எங்கள் செட் ஆட்கள் அன்று விழுந்த பள்ளத்திலேயே விழுகிறார்கள். கிதாரை ட்யூன் பண்ணுங்கள், போனை அணையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பறையை ஒரே மூச்சில் எடுப்பது

டிரம்ஸோடு பறை சேர்ப்பவர்களுக்கு இது. தீயில் காய்ச்சிய தோல் ஏசி ரூமில் கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிடும். மூன்றாவது டேக்கில் (பதிவில்) 'கணீர்' போய் 'தொப்' என்று கேட்கும். முதலில் பறையை எடுங்கள், நடுநடுவே வெளியே போய்க் காய்ச்சி வாருங்கள். எல்லாரும் கிளிக்கில் (ஹெட்போனில் வரும் தாளச் சத்தத்துக்கு ஏற்ப) வாசித்தால்தான் வெவ்வேறு டேக்குகளை ஒட்ட முடியும்.

பாட்டைச் சேனலுக்குத் தூக்கிக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வியாசர்பாடிப் பையன்கள் நாலு பேர், கானா மெட்டில் டிஸ்டார்ஷன் கிதார் ஏற்றி அருமையாக ஒரு பாட்டுப் பண்ணினார்கள். ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் கைக்காசு. யூடியூப் சேனல்காரர் ஒருத்தர் வந்தார். "வீடியோ நான் எடுத்துத் தர்றேன் தம்பி, நம்ம சேனல்ல போட்டுக்கலாம்." நீட்டிய தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பாட்டு பிடித்துக்கொண்டது. பிறகு அதே ரெக்கார்டிங்கை வைத்துத் தங்கள் பக்கத்தில் லிரிக் வீடியோ போட்டால், கன்டென்ட் ஐடி கிளெய்ம் (யூடியூப் தானாகப் பாட்டைக் கண்டுபிடித்து, உரிமை சேனலுக்கு என்று சொல்வது) வந்து நிற்கிறது. விளம்பரக் காசு சேனலுக்கு. எழுதினவனும் மெட்டுப் போட்டவனும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தாளில் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று இருந்தது. ஏன் அப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்குத்தான் போகும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அந்தச் சொற்களை அடித்துவிட்டு 'யூடியூபில் மட்டும், 2 ஆண்டு' என்று எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தப் பங்கு கைக்கு வர, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகச் சேருங்கள்.

ஸ்டுடியோ பில்லையும் பேண்ட் ஆள் பெயரிலேயே வாங்குங்கள். முன்நின்று பொறுப்பெடுத்து ஒலிப்பதிவைத் தயாரித்தவரே அதன் உரிமையாளர். நாளைக்குத் தகராறு வந்தால் அந்த பில்தான் பேசும். பாட்டு வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று உங்களுக்குள்ளும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறீர்கள். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு கேட்பதுதான் நட்பைக் கெடுக்கிறது.

நாளைக்கு ரிலீஸ் என்று அறிவிப்பது

பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபைக்குப் போகும். எடிட்டர்களின் பிளேலிஸ்ட்டுக்கு அனுப்ப ரிலீஸுக்கு 7 நாளாவது முன்பே பாட்டு அங்கே இருக்க வேண்டும். நான் 4 வாரம் விடச் சொல்வேன்.

சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது

எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) இறக்கிவிடும். ஆனால் ஏற்றும்போது டிரம்ஸின் அடி நசுங்கியது நசுங்கியதுதான்.

ட்ராக்குகளை ஸ்டுடியோவிலேயே விடுவது

மிக்ஸ் முடிந்த அன்றே, ஒவ்வொரு கருவியும் குரலும் தனித்தனி வேவ் ஃபைல்களாக, உங்கள் ஹார்டு டிஸ்கில் வந்துவிட வேண்டும்.