ஆறு ராணிகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ஏ லெவல் பிள்ளைகளுக்கு வரலாறு டியூஷன் எடுக்கிறேன். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி பாடத்துக்கு வரும்போதே பிள்ளைகள் கையில் ஒரு பாட்டு இருக்கும்: விலக்கு, வெட்டு, சாவு; விலக்கு, வெட்டு, பிழைப்பு. ஆறு மனைவிகளும் வரிசை தப்பாமல் வந்துவிடுவார்கள். ஏன் இத்தனை கல்யாணம் என்று கேட்டால், "பொம்பள பித்து, டீச்சர்!" அதோடு முடிந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும் புதிதாக டியூஷன் எடுப்பவர்களுக்கும் நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் கல்யாணங்களை ஓரமாக வைத்துவிட்டு, போர்டில் பிறப்புகளை எழுதுங்கள். 1509-இல் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் அண்ணன் ஆர்தரின் விதவையான கேத்தரினைக் கட்டுகிறார். 1511 ஜனவரி 1 அன்று ஆண் குழந்தை. வெஸ்ட்மின்ஸ்டரில் குதிரை ஈட்டிப் போட்டி வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிப்ரவரி 22 அன்று குழந்தை இறந்துவிடுகிறது. மற்றக் கர்ப்பங்களும் தங்கவில்லை. 1516-இல் பிறந்த மேரி மட்டும் பிழைக்கிறாள். இந்தத் தேதிகளைப் போர்டில் பார்த்ததும் வகுப்பில் சிரிப்பு அடங்கிவிடும்.

அடுத்து, மகள் இருக்கும்போது மகன் எதற்கு என்று அவர்களையே கேட்க விடுங்கள். ஹென்றியின் அப்பா 1485-இல் போர்க்களத்தில் ஜெயித்துக் கிரீடம் வாங்கியவர். அந்த வம்சத்தில் இவர் இரண்டாவது ராஜாதான். அதற்கு வெகுகாலம் முன், ராஜாவின் மகளாக ஆட்சிக்கு உரிமை கேட்டு நின்ற மட்டில்டா 1141-இல் லண்டன்வரை வந்தும் முடிசூட முடியாமல் போனாள். ராணி ஆண்டால் அவள் புருஷன் ஆள்வான், அவன் வெளிநாட்டுக்காரனாக இருந்தால் நாடே கைமாறும் என்ற பயம் வேறு.

நம் பிள்ளைகளுக்கு இங்கே தசரதனைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மூன்று பட்டத்தரசிகள் இருந்தும் வாரிசு இல்லாமல் புத்திரகாமேஷ்டி யாகம் செய்தவன். ஆனால் வித்தியாசத்தையும் சொல்லுங்கள்: ஹென்றியின் திருச்சபையில் ஒரு நேரத்தில் ஒரே மனைவிதான். 1519-இல் வேறொரு பெண்ணுக்குப் பிறந்த மகனுக்கு டியூக் பட்டமே கொடுத்தார்; ஆனாலும் அவன் சட்டப்படியான வாரிசு இல்லை. ஆகவே இன்னொரு கல்யாணம் வேண்டும் என்றால், முதல் கல்யாணமே செல்லாது என்று போப் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பாடத்தின் உயிரே இங்குதான். அண்ணன் மனைவியைக் கட்டினால் பிள்ளை இருக்காது என்ற பைபிள் வசனத்தை ஹென்றி பிடித்துக்கொண்டார். பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனின் மனைவியைக் கட்டச் சொல்லும் வசனமும் அதே பைபிளில் இருக்கிறது. வகுப்பை இரண்டாகப் பிரித்து வழக்காட விடுங்கள், நல்ல கூச்சல் கிளம்பும். அப்புறம் 1527-க்கு வாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடுகிறது. அந்தச் சார்லஸ் யார்? கேத்தரினின் அக்கா மகன்! சின்னம்மாவைத் தள்ளிவைக்க அவன் கைப்பிடியில் இருக்கும் போப் சம்மதிப்பாரா? உறவுமுறையைச் சொன்னால் போதும், அரசியல் தானாகப் புரியும். 1534-இல் ஹென்றி தன்னையே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவராக்கிக்கொண்டது ஏன் என்றும் புரியும்.

இரண்டாவது மனைவி ஆன் பொலினுக்கு ஒரே ஒரு காகிதத்தைக் காட்டுவேன். 1533 செப்டம்பர் 7 அன்று எலிசபெத் பிறக்கிறாள். பிறப்பை அறிவிக்கும் கடிதங்களில் 'பிரின்ஸ்', அதாவது இளவரசன் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு 'எஸ்' எழுத்தை நெருக்கிச் செருகி இளவரசி ஆக்கினார்கள். 1536 ஜனவரியில், கேத்தரினை அடக்கம் செய்த அதே நாளில் ஆனுக்குக் கரு கலைந்தது. மே 19 அன்று வேறு பழிகள் சுமத்தித் தலையை வெட்டினார்கள். பதினோரு நாளில் ஜேன் சீமோருடன் கல்யாணம். 1537-இல் எட்வர்ட் பிறந்தான். பன்னிரண்டாம் நாள் ஜேன் இறந்தாள். மீதி மூவரையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

யார் குறை என்ற கேள்வி எப்படியும் வரும். உயிரியல் படிக்கும் பிள்ளையை எழுப்பி, எக்ஸ், ஒய் குரோமோசோம்களை விளக்கச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்பது அப்பா வழியே முடிவாவது 1905 வாக்கில்தான் விளங்கியது. "எங்க பாட்டிக்கு இன்னும் விளங்கல டீச்சர்" என்றாள் ஒருத்தி, வீட்டில் அவளையும் சேர்த்து நான்கு பெண்கள். ஹென்றிக்கு இந்த நோய், அந்த ரத்த வகை என்று இணையத்தில் உலவும் ஊகங்களை மட்டும் விடையில் உண்மைபோல் எழுத விடாதீர்கள்.

எலிசபெத் நாற்பத்து நான்கு ஆண்டு ஆண்டாளே, மகனுக்காக ஏன் இத்தனை பாடு என்று கட்டுரையை முடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. அந்த வரியை நான் அடித்துவிடுவேன். அது ஹென்றிக்குத் தெரியாது. அதனால் வீட்டுப்பாடம் இப்படிக் கொடுங்கள்: நீ 1527-இல் ஹென்றியின் ஆலோசகன். மேரிக்கு மாப்பிள்ளை தேடலாம், 1519-இல் பிறந்த அந்த மகனை வாரிசாக்கப் பார்க்கலாம், போப்பிடம் மனுப்போடலாம், சும்மா காத்திருக்கலாம். எதைச் சொல்வாய், அதில் என்ன ஆபத்து, ஒரு பக்கம் எழுது. 1527-க்குப் பிறகு நடந்ததை எழுதினால் மார்க் கிடையாது.