தெர்மாகோல் கிளைடர்: வீசுமுன் விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள்

எண்பதுகளில் எங்கள் தெருவில் யார் வீட்டில் டிவி வாங்கினாலும், பையன்களுக்குப் பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் மேல்தான் கண். என்.சி.சி. ஏர் விங்கில் இருந்த அண்ணன், குட்டி விமானம் செய்ய உதவும் பஞ்சு போன்ற பால்சா மரத்தைப் பற்றிக் கதை கதையாக அளப்பான். நாங்கள் கண்ணால் கண்டதில்லை. கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து போகும் குட்டி விமானம் செய்ய, நீங்களும் அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஸ்டேஷனரி கடையில் 1 செ.மீ. கனத் தெர்மாகோல் ஷீட் வாங்குங்கள். இறக்கை 50 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். புது பிளேடால் மெல்ல மெல்லக் கீறி வெட்டுங்கள். அழுத்தினால் மணி மணியாக உதிரும். முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்குங்கள். பிறகு நடுவில் இரண்டாக வெட்டி, இரு நுனிகளும் 4 செ.மீ. தூக்கி நிற்கும்படி ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். செருப்புக்குப் போடும் மஞ்சள் பசை வேண்டவே வேண்டாம், தெர்மாகோலைத் தின்றுவிடும்.

உடம்புக்கு 45 செ.மீ. மூங்கில் குச்சி. வாலுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை: படுக்கையில் 16 செ.மீ.க்கு 6, நிற்பது 7 செ.மீ. உயரம். இறக்கையை ஒட்டாமல் ரப்பர் பேண்டால் கட்டுங்கள், நகர்த்த வசதி. முன்விளிம்புக்கு அடியில் ஒரு தீக்குச்சி செருகுங்கள். இறக்கையைவிட வால் கொஞ்சம் தாழ்ந்த கோணத்தில் இருக்க வேண்டும். 1871-ல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் ரப்பர் முறுக்கில் 11 விநாடி பறக்கவிட்ட குட்டி விமானத்திலும் இதே சூட்சுமம்தான்.

இனிதான் முக்கியமான வேலை. முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே, இறக்கைக்கு அடியில் இரு ஆள்காட்டி விரல்களால் தாங்குங்கள். வால் தொங்குகிறதா? மூக்கில் சைக்கிள் நட்டு ஒன்றை நூலால் கட்டுங்கள். குச்சி மட்டமாக நிற்கும்வரை விடாதீர்கள். பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் வெட்டி எடை.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இது தாங்குமா? தை, மாசியில், அறுப்பு முடிந்த வயலில், வெயில் ஏறுமுன் போங்கள். காற்றைப் பார்த்து, தோள் உயரத்தில், மூக்கு லேசாகத் தாழ, தள்ளிவிடுங்கள். கிரிக்கெட் பந்து மாதிரி வீசினால் மல்லாந்து விழும். மேலே ஏறித் தயங்கிக் குத்தினால் மூக்கு எடையைக் கூட்டுங்கள், அல்லது இறக்கையைப் பின்னால் நகர்த்துங்கள். நேரே குத்தினால் வால் அட்டையின் பின்விளிம்பை மேலே மடியுங்கள், நூலளவு போதும். ஒரே பக்கம் சாய்ந்தால் இறக்கை முறுக்கியிருக்கும்.

ஒடிந்தால் டேப் போட்டு ஒட்டலாம். வேலிக்காத்தான் முள்ளில் மாட்டினால் மட்டும் விட்டுவிடுங்கள், புதிதாக வெட்டுவதே சுலபம்.